கனடா அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோயம்புத்தூரில் ஆறு வருடம் கூகுள் விளம்பரக் கணக்குகளைப் பார்த்திருக்கிறீர்கள். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து அக்டோபரில் டொராண்டோ வந்து இறங்கியிருக்கிறீர்கள். இதுவரை போன நான்கு நேர்காணலிலும் "கனடா அனுபவம் உண்டா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆறு வருடம் இங்கே செல்லாக்காசுதானா, கடன் வாங்கியாவது ஒரு கல்லூரிச் சான்றிதழ் படிக்கலாமா, கிடங்கு வேலைக்குப் போனால் துறையை விட்டே விலகிவிடுவோமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மதுரைக்காரி. சென்னையில் நான்கு வருடம் இரவு ஷிஃப்டில் அமெரிக்க வாடிக்கையாளர்களின் ஆட்வேர்ட்ஸ் கணக்குகளை (கூகுள் விளம்பரத்துக்கு அன்றைய பெயர்) பார்த்துவிட்டு 2011 நவம்பரில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்தேன். அமெரிக்கக் கணக்குகளைப் பார்த்தவளுக்குக் கனடா என்ன பெரிய வித்தியாசம் என்ற நினைப்பு இருந்தது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்குச் சேர்ந்தேன். சாவியைக் கையில் கொடுக்கும்போது அவர், "ஹைட்ரோவும் வாடகைக்குள்ளதான் பிள்ளை, யோசிக்காதேங்கோ" என்றார். தண்ணீர்க் கட்டணத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

பகலில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அந்த அக்காவின் தம்பி எலக்ட்ரீஷியன். தானே ஒரு ஆட்வேர்ட்ஸ் கணக்கைத் திறந்து, பணம் கரைவதைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சம்பளம் வேண்டாம், நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்று காட்டும் சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால் குப்பை: எலக்ட்ரீஷியன் சம்பளம் எவ்வளவு, எலக்ட்ரீஷியன் ஆவது எப்படி, எந்தக் கல்லூரியில் படிப்பது. வேலைக்கு ஆள் தேடுகிறவர் யாரும் இப்படித் தட்டமாட்டார். அந்தச் சொற்களையெல்லாம் நெகட்டிவ் கீவேர்ட் பட்டியலில் போட்டேன். அதுவரை சரி. அதே பட்டியலில் "ஹைட்ரோ" என்ற சொல்லும் அடிக்கடி வந்தது. தண்ணீர் மோட்டார், குழாய் வேலை தேடுகிறவர்களாக இருக்கும் என்று அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன். நெகட்டிவில் ஒரு சொல்லைப் போட்டால் அந்தச் சொல் இருக்கிற எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜனவரிக் கடைசியில் அவர் கூப்பிட்டார். "பிள்ளை, மூண்டு கிழமையா ஃபோன் அடிக்கேல்லை. என்ன செய்தனீங்கள்?" அவர் ஊரில் கிழமை என்றால் வாரம் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நொடி பிடித்தது. நான் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "ஹைட்ரோ" வந்ததும், "ஐயோ பிள்ளை, அதுதான் கரண்ட்" என்றார்.

ஒன்டாரியோவில் கரண்ட் பில்லை ஹைட்ரோ பில் என்றுதான் சொல்வார்கள். 1906-இல் ஆடம் பெக் தலைமையில் அரசு மின்சார ஆணையம் தொடங்கி, 1910-இல் நயாகரா அருவியின் மின்சாரம் ஊர்களுக்கு வந்தது. அந்த ஆணையத்தின் பெயரில் இருந்த "ஹைட்ரோ" அப்படியே மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. இன்று இந்த மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. ஆனாலும் டொராண்டோ ஹைட்ரோ, ஹைட்ரோ ஒன் என்றுதான் நிறுவனங்களுக்குப் பெயர். பழைய வீட்டின் 100 ஆம்ப் இணைப்பை 200 ஆம்புக்கு மாற்ற நினைக்கிறவர் ஹைட்ரோ பேனல், ஹைட்ரோ சர்வீஸ் என்றும் தேடுவார். அந்த எலக்ட்ரீஷியனுக்கு நல்ல காசு வரும் வேலையே அதுதான். அதைத்தான் நான் மூன்று வாரம் மூடி வைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்த மறுநாள் மதியத்துக்குள் இரண்டு அழைப்பு வந்தது. அவர் என்னைக் கோபிக்கவில்லை. எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

கனடா அனுபவம் என்று அவர்கள் கேட்பதில் நியாயமான பங்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான், தம்பி. இந்த ஊர்க்காரர்கள் தேவை வரும்போது எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கர் கூரைத் தண்ணீர் வடியும் குழாயை கட்டர் (gutter) என்பார். இங்கே பலரும் ஈவ்ஸ்ட்ராஃப் என்பார்கள். ஒற்றை அறை வீட்டை அங்கே ஸ்டூடியோ என்றால் இங்கே பேச்சலர். கியூபெக் போனால் இன்னும் மாறும். வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஹீட் பம்ப்புக்கு பிரான்சில் வழங்கும் பிரெஞ்சுச் சொல் வேறு, மாண்ட்ரியலில் "தெர்மோபாம்ப்". மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் கீவேர்ட் போட்டால் பாரிஸ் பேசும் பிரெஞ்சு வந்து நிற்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடாமல் கார் ஓட்டக்கூடாது என்பது சட்டம். டயர் கடைக் கணக்கு பார்க்கிறவருக்கு இது தெரியாமல் அக்டோபர், நவம்பர் பட்ஜெட்டைத் திட்டமிடவே முடியாது.

நேரமும் அப்படித்தான். சென்னையில் எங்கள் வழக்கம், கடை மூடியதும் விளம்பரத்தையும் நிறுத்திவிடுவது. இங்கே எனக்கு வந்த இரண்டாவது கணக்கு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுது பார்ப்பவருடையது. மைனஸ் இருபதில் வீட்டுச் சூடு நின்றுபோனால் யாரும் விடியும்வரை காத்திருக்கமாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு "நோ ஹீட்" என்று இரண்டே சொல் தட்டி, முதலில் ஃபோன் எடுக்கிறவரை வரச்சொல்லுவார்கள். ராத்திரியில் விளம்பரமும் ஓட வேண்டும், ஃபோன் எடுக்க ஆளும் இருக்க வேண்டும். கடுங்குளிர் நாளில் கூகுள் தினசரி பட்ஜெட்டைத் தாண்டியும் (இப்போது இரண்டு மடங்கு வரை) ஒரே நாளில் செலவழித்துவிடும், மாதக் கணக்கில்தான் அதைச் சரிக்கட்டும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவைக்கவும் அந்தக் குளிரில்தான் கற்றுக்கொண்டேன்.

இந்த மாதிரி விஷயங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள வருடக்கணக்கும் ஆகாது. அதனால்தான் அந்தக் கேள்வியைச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புவது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே இது பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று போடக்கூடாது. விளம்பரத்திலிருந்து அந்தச் சொல் போய்விட்டது, கேட்கிறவர் மனதிலிருந்து போக நாளாகும். அதுவரை அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

உங்கள் ஆறு வருடத்தில் எது செல்லும், எது செல்லாது என்று பிரித்துப் பாருங்கள். நான் சென்னையிலிருந்து கொண்டுவந்த கருவி அறிவில் இன்று மிச்சம் அதிகமில்லை. 25 எழுத்தில் தலைப்பு, 35, 35 எழுத்தில் இரண்டு வரி என்று நறுக்காக எழுதுவதில் எனக்குப் பெயர் இருந்தது. 2016-இல் தேடல் பக்கத்தின் வலது பக்க விளம்பரங்களை எடுத்தார்கள். அதே வருடம் தலைப்பு இரண்டாகி நீண்டது. 2022 ஜூன் முடிந்ததும் அந்த வடிவத்தையும் புதிதாக உருவாக்க முடியாது என்றார்கள். இப்போது 15 தலைப்பு, 4 விளக்கம் கொடுத்துவிட்டால் எதை எதோடு சேர்ப்பது என்று இயந்திரம் முடிவு செய்கிறது. இந்தச் சொல் தேடலில் இருந்தே ஆக வேண்டும் என்று காட்ட, சொல்லுக்கு முன் கூட்டல் குறி போடும் முறையை எத்தனை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! 2021-இல் அதுவும் போனது. கொடுத்த சொல்லை அப்படியே தேடினால் மட்டும் விளம்பரம் காட்டுவதற்கான எக்ஸாக்ட் மேட்ச் இன்று பெயரளவில் இருக்கிறது. 2018 முதல் அதே பொருள் தரும் வேறு சொல்லுக்கும் விளம்பரம் காட்டுகிறார்கள். 2018-இல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரே கூகுள் ஆட்ஸ் ஆனது. 2023 ஜூலையில் இணையதளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் நின்றது. அந்த வாரம் தூக்கமில்லாமல் கணக்கு கணக்காக மாற்றியது இன்னும் நினைவிருக்கிறது.

இதில் எனக்கு மனத்தாங்கலான மாற்றம் ஒன்று உண்டு. 2020 செப்டம்பரில் சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டைக் குறைத்துவிட்டார்கள். குறைவான பேர் தேடும் சொற்கள் பல அதில் இப்போது தெரிவதில்லை. "ஹைட்ரோ" போன்ற சொற்கள் தலைகாட்டும் இடம் அது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய க்ளிக் எந்தச் சொல்லால் வந்தது என்று அவருக்குத் தெரியவேண்டாமா? இன்றும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதனால் பாதியை வேறு வழியில் தேடுகிறேன். கடைக்காரரின் ஃபோன் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து, கூப்பிடுகிறவர் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறார் என்று எழுதிக்கொள்வேன். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள், தம்பி. பக்கத்தில் உட்கார விடுகிற வாடிக்கையாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

வேலையின் குணமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு கீவேர்டுக்கும் எவ்வளவு ஏலம் கேட்பது என்று கையால் மாற்றிக்கொண்டிருப்போம். இன்று அதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. எந்த அழைப்பு வேலையாக மாறியது, எது வெறும் விசாரிப்பு என்று அதற்குச் சரியாகச் சொல்வதுதான் நம் கையில் இருக்கிறது. முப்பது நொடி பேசிய எல்லா அழைப்பையும் கன்வெர்ஷன், அதாவது விளம்பரத்தின் பலன், என்று எண்ணவிட்டால் அது விசாரிப்புகளையே தேடித்தேடிக் கொண்டுவரும். அதனால் வாடிக்கையாளரின் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அழைப்புகளோடு ஒப்பிடுவேன். கோயம்புத்தூரில் நீங்கள் கடைக்காரரிடம் உட்கார்ந்து கணக்குப் பேசியிருப்பீர்கள் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே முழுமதிப்போடு செல்லும். பணம் எங்கே போகிறது என்று ராத்திரி யோசிக்கிற குணமும் செல்லும்.

கல்லூரிச் சான்றிதழுக்குக் கடன் வாங்காதீர்கள். பாடம் எழுதி அச்சாவதற்குள் திரையே மாறிவிடும். கூகுளின் சான்றிதழ்கள் அவர்களுடைய பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசம். 80 சதவீதம் எடுக்க வேண்டும், ஒரு வருடம்தான் செல்லும். நான் ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன், பதினான்கு வருடம் கழித்தும். எழுதும்போது தெரியாமல் போன இரண்டு மூன்று கேள்விகள்தான் அந்த வருடத்துக்கு நான் படிக்க வேண்டியது. டொராண்டோ பொது நூலக அட்டை வாங்கினால் லிங்க்ட்இன் லேர்னிங் பாடங்களும் இலவசம். சீடர்பிரே கிளை உங்கள் பக்கம்தான். கதகதப்பான இடம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

கிடங்கு வேலைக்குத் தாராளமாகப் போங்கள். வாடகை கட்ட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஏழு மாதம் செய்தேன். ஆனால் ஷிஃப்டுக்கு முன் ஒரு மணி நேரம் ஒரு உண்மையான கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். மார்க்கம் சாலையில் வரிக்கணக்கு பார்க்கிற தமிழர் ஒருவரைப் பிடியுங்கள். பிப்ரவரியில் ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் பணம் போடக் கடைசி நாள் நெருங்கும், ஏப்ரல் 30-க்குள் வரி கட்ட வேண்டும். இந்த மூன்று மாதத்தில் அவருக்கு உதவி தேவைப்படும், உங்களுக்கு ஒரு பருவம் முழுவதும் கண்ணால் பார்த்த அனுபவம் கிடைக்கும்.

2012 ஜூனில் என்னை வேலைக்கு எடுத்த நேர்காணலில் "ஒரு கணக்கில் நீங்கள் செய்த தவறு என்ன" என்று கேட்டார்கள். ஹைட்ரோ கதையை மறைக்காமல் சொன்னேன், எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்பது வரைக்கும். கேட்டவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு கனடா அனுபவம் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, தம்பி. பைக் சர்வீஸ் கடைகளுக்கு விளம்பரம் செய்தபோது "பைக் க்ளீனிங்" என்று போட்டு ஆள் வராமல், நம் ஊரில் எல்லோரும் "வாட்டர் வாஷ்" என்றுதான் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்து மாற்றியதைப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயில் அதைக் காணோம். முதல் பக்கத்தில் கையாண்ட பட்ஜெட் தொகை ரூபாயில் இருக்கிறது, ஒன்பது சான்றிதழ்களின் பெயர் இருக்கிறது. சான்றிதழ்களை இரண்டு வரியாகச் சுருக்கிக் கீழே தள்ளுங்கள். வாட்டர் வாஷ் கதையை, முன்பு எத்தனை அழைப்பு, பின்பு எத்தனை என்ற கணக்கோடு நான்கு வரியில் மேலே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை, உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.