பேசிக்கொண்டே இருப்பதும் காவல் பணிதான்: வாசகர் கேள்வி – பதில்

பணயக்கைதிகளைப் பிடித்து வைத்திருப்பவரிடமும், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்து நிற்பவரிடமும் பேசி, யாருடைய உயிரும் போகாமல் முடித்துவைக்கப் பாடுபடும் காவல்துறைப் பேச்சுவார்த்தையாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்கள்.

குற்றவாளியோடு பேசுவதற்கென்றே காவல்துறையில் தனிக் குழு எப்போது தோன்றியது? அதற்கு முன் என்ன செய்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

அதற்கு முன்பும் பேசத்தான் செய்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் அங்கிருந்த அதிகாரி தமக்குத் தோன்றியதைப் பேசுவார். அது பலிக்கவில்லை என்றால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். 1972 செப்டம்பரில் முனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் பணயமாகப் பிடிக்கப்பட்டார்கள். அவர்களை மீட்க ஒரு விமானத்தளத்தில் எடுக்கப்பட்ட முயற்சி பெரும் தோல்வியில் முடிந்தது. எட்டுத் தாக்குதலாளிகளை எதிர்கொள்ள ஐந்து துப்பாக்கி வீரர்களே நிறுத்தப்பட்டிருந்தார்கள்; அவர்கள் அத்தகைய பணிக்குப் பயிற்சி பெற்றவர்களும் அல்லர், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ரேடியோவும் அவர்களிடம் இல்லை. 11 இஸ்ரேலியர்களும் மேற்கு ஜெர்மனியின் காவலர் ஒருவரும் அந்தச் சம்பவத்தில் உயிரிழந்தார்கள்.

இதைக் கூர்ந்து கவனித்தவர்களில் இருவர் நியூயார்க் காவல்துறையில் இருந்தார்கள். ஒருவர், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க். மற்றவர் ஃபிராங்க் போல்ஸ். சூழ்ந்து நில், அடைத்து வை, அவசரப்படாதே, பேசு என்ற வழிமுறையை இவர்கள் வகுத்தார்கள். அது உருப்பெற்றுக்கொண்டிருந்த 1973 ஜனவரியிலேயே சோதனையும் வந்துவிட்டது. புரூக்ளினில் துப்பாக்கிகளும் விற்ற ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், கொள்ளையடிக்க வந்த நால்வர் சிக்கிக்கொண்டு, உள்ளே இருந்தவர்களைப் பணயமாக வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்திலேயே ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். சக ஊழியரை இழந்த ஒரு படை, கையில் ஆயுதங்களோடும் மனத்தில் கொதிப்போடும், உள்ளே பாயாமல் 47 மணி நேரம் காத்து நின்றது. அந்த இடைவெளியில் கடை உரிமையாளர் மறைவான ஒரு வழியாகப் பணயக்கைதிகளைக் கூரைக்கு அழைத்துச் சென்று தப்பவைத்தார். பிறகு நால்வரும் சரணடைந்தார்கள். அந்தப் பொறுமைதான் இத்துறையின் முதல் பாடம் என்று நான் கருதுகிறேன். ‘என்னிடம் பேசு’ என்பது அந்த நியூயார்க் குழுவின் முழக்கமாக இன்றும் நிலைத்திருக்கிறது.

பேச்சுவார்த்தையாளர் உண்மையில் என்னதான் பேசுகிறார்? கோபத்தின் உச்சியில் இருப்பவரை எந்தச் சொல் இறக்கிக் கொண்டுவரும்?
– வாசகி ஒருவர்

அப்படி ஒரு மந்திரச் சொல் கிடையாது. அவர் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். எதிரே இருப்பவர், “இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரே நாளில் வெளியே தள்ளிவிட்டார்கள்” என்று கத்தினால், “ஒரே நாளில் தள்ளிவிட்டார்கள்” என்று அவருடைய கடைசிச் சொற்களையே அமைதியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பெரும்பாலும் அடுத்த வாக்கியம் தானாக வரும். “உங்களை ஏமாற்றிவிட்டதாக உணர்கிறீர்கள் போலிருக்கிறது” என்று அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுப்பார். தவறான பெயராக இருந்தாலும் நட்டமில்லை. “ஏமாற்றம் இல்லை, அவமானம்” என்று அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் வெளிவரும். அவ்வப்போது, “நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, பாருங்கள்” என்று சொல்லி, கேட்டதையெல்லாம் சுருக்கமாகத் தொகுத்துக் கூறுவார். இடையில் வரும் மௌனத்தை அவசரமாக நிரப்பமாட்டார்.

தவிர்க்கும் சொற்களும் உண்டு. ‘அமைதியாக இருங்கள்’ என்பது கொதித்துக்கொண்டிருப்பவரின் காதில் கட்டளையாகத்தான் விழும். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்பது குற்றம் சாட்டுவதாக ஒலிக்கும். அதனால் ‘என்ன நடந்தது?’ என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களைப் ‘பணயக்கைதிகள்’ என்று குறிப்பிடாமல் இயன்றவரை பெயர் சொல்லியே பேசுவார்கள், ஏனென்றால் பெயர் உள்ள ஒருவரைச் சுடுவது கடினம். பொய் சொல்வதையும் கூடியவரை தவிர்ப்பார்கள்; ஒரு பொய் வெளிப்பட்டால், பல மணி நேரம் சேர்த்த நம்பிக்கை ஒரு நொடியில் அழிந்துவிடும்.

அவர் தனியாகவும் இல்லை. பக்கத்தில் ஒரு துணைப் பேச்சாளர் உட்கார்ந்து உரையாடலை முழுவதும் கேட்டபடி, அடுத்து என்ன கேட்கலாம் என்று சிறு சீட்டுகளில் எழுதி நகர்த்துவார். இன்னொருவர் நேரத்தோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருப்பார். வேறு சிலர் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் அந்த மனிதரைப் பற்றி விசாரித்துவருவார்கள். ஒரு விதியை எல்லா இடங்களிலும் வலியுறுத்துகிறார்கள்: பேசுபவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுப்பவர் பேசக் கூடாது. “மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்ல இடமிருந்தால்தான் மறுப்பின் பழி பேசுபவர் மீது விழாது, அவகாசமும் கிடைக்கும்.

ஆயுதம் ஏந்தியவரின் கோரிக்கைகளுக்கு இணங்குவது அடிபணிவது ஆகாதா?
– வழக்கறிஞர் ஒருவர்

எல்லாக் கோரிக்கைக்கும் இணங்குவதில்லை. ஆயுதம் தரப்படாது, பணயக்கைதிகளை மாற்றிக்கொள்வதும் பொதுவாக ஏற்கப்படாது. உணவு, தண்ணீர், மருந்து போன்றவற்றைக் கொடுக்கலாம். ஆனால் அவற்றுக்கும் ஈடாக ஏதாவது கேட்பார்கள், ஒருவரையாவது விடுவிக்கச் சொல்வார்கள். கெடு விதித்தால் அந்த நேரம் நெருங்கும்போது வேறு ஏதோ ஒன்றைப் பற்றி அவரைப் பேசவைத்துக்கொண்டே அதைக் கடந்துவிடப் பார்ப்பார்கள்.

பல வேளைகளில் அந்த மனிதருக்குத் தேவைப்படுவது மானம் போகாமல் வெளியே வர ஒரு வழி. 1993 பிப்ரவரியில், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து புறப்பட்ட லுஃப்தான்ஸா விமானம் ஒன்று, 104 பேருடன் நியூயார்க்குக்குக் கடத்தப்பட்டது. தரையிறங்கிய பிறகு டொமினிக் மிசினோ என்ற காவல்துறைப் பேச்சுவார்த்தையாளர் கடத்தியவரோடு பேசினார். முடிவில் அந்த இளைஞர் தம் துப்பாக்கியை விமானியிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பெற்றுக்கொண்டு சரணடைந்தார். அந்தக் கண்ணாடியால் அவருக்கு வேறென்ன லாபம் இருந்திருக்க முடியும்? வெறுங்கையோடு தோற்று வெளியே வந்ததாக அவர் நினைக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்போதும் பேச்சு வெல்லும் என்றே எழுதுகிறீர்கள். தோற்ற கதைகள் இல்லையா?
– ஒரு நீண்டகால வாசகர்

இருக்கின்றன. அவற்றில் மிகுந்த மனவேதனை தருவது, நீங்கள் கேட்கும் பொருளில் பேச்சு தோற்ற கதை அன்று. பேச்சு பலித்துக்கொண்டிருந்தபோதே அதைக் கெடுத்த கதை. மேலே சொன்ன விமானக் கடத்தல் நடந்த அதே மாதத்தின் கடைசி நாளில், டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ அருகே ஒரு மதக் குழுவின் இருப்பிடத்தைச் சோதனையிடப் போன கூட்டாட்சி அதிகாரிகளில் நால்வர் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்கள். குழுவினரிலும் சிலர் இறந்தார்கள். முற்றுகை 51 நாள் நீடித்தது. எஃப்.பி.ஐ.யின் கேரி நோஸ்னர் முதல் பாதியில் பேச்சுவார்த்தைக் குழுவை ஒருங்கிணைத்தார். பேச்சின் மூலம் 21 குழந்தைகள் உட்பட 35 பேர் வெளியே வந்தார்கள்.

ஆனால் ஒருபுறம் பேச்சாளர்கள் நம்பிக்கையை வளர்க்க, மறுபுறம் அதிரடிப் பிரிவு உள்ளே இருப்பவர்களை நெருக்கியது; ஆட்கள் வெளியே வந்த பிறகு மின்சாரம் துண்டிக்கப்பட்டது, இரவெல்லாம் பேரொலி எழுப்பப்பட்டது, அவர்களுடைய வாகனங்கள் கவச வண்டிகளால் அப்புறப்படுத்தப்பட்டன. மார்ச் 21 அன்று ஏழு பேர் வெளியே வந்தார்கள். அன்றிரவே ஒலிபெருக்கிகள் முழங்கின. சொன்னபடி செய்தவருக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை அவர் எதை நம்பிச் செய்வார்? ஏப்ரல் 19 அன்று கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டு, பின்னர் தீ மூண்டு, குழந்தைகள் பலர் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் தீக்கு உள்ளே இருந்தவர்களே காரணம் என்று அரசு விசாரணை சொன்னது. அப்படியே கொண்டாலும், அதற்கு முந்தைய வாரங்களில் தவறவிட்ட வாய்ப்புகளை அது ஈடுசெய்துவிடாது.

இதன் பிறகு 1994இல், பேச்சாளர்களையும் அதிரடிப் பிரிவையும் ஒரே தலைமையின்கீழ்க் கொண்டுவரும் அமைப்பை எஃப்.பி.ஐ. உருவாக்கியது. 1996இல் மொன்டானாவில் ‘ஃப்ரீமென்’ என்ற ஆயுதக் குழுவை 81 நாள் சுற்றி வளைத்து நின்றபோது, உயிர்ப்பலி இல்லாமல் எல்லோரும் சரணடைந்தார்கள். வேக்கோவைவிட ஒரு மாதம் அதிகமாகக் காத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுகிறேன்.

உயிரை விடத் துணிந்தவரை இன்று தடுத்தால், நாளை மறுபடியும் முயல மாட்டாரா?
– கல்லூரி மாணவி

இது பரவலாக உள்ள நம்பிக்கை. பெரும்பாலோர் விஷயத்தில் தவறான நம்பிக்கை. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1978இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். மிகக் கடுமையான அந்த வேளை பலருக்குக் கடந்து போகக்கூடியது. அது கடக்கும்வரை ஒருவர் உடன் இருக்க வேண்டும், அவ்வளவே பேச்சாளர் செய்வது.

எனக்கு இந்தப் பணியில் சேர ஆசை. என்ன படிக்க வேண்டும்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்

நேராகச் சேர முடியாது. பெரும்பாலான நாடுகளில் முதலில் காவலராகச் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பிறகு விருப்பம் தெரிவித்து, நேர்காணலிலும் ஒத்திகைகளிலும் தேறிப் பயிற்சிக்குப் போக வேண்டும். பலருக்கு இது வழக்கமான வேலையோடு சேர்ந்த கூடுதல் பொறுப்புதான். உளவியல் படிப்பு உதவும், கட்டாயம் அன்று. திட்டு வாங்கினாலும் குரல் உயராத இயல்பைத்தான் தேர்வாளர்கள் தேடுகிறார்கள்.

என் மகன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. “நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது” என்கிறான். இவர்களிடமிருந்து ஒரு தாய் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் நேராகக் கேளுங்கள்: “தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா?” அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம், பேச்சுவார்த்தையாளர்களும் மனநல மருத்துவர்களும் அதை வெளிப்படையாகவே கேட்கிறார்கள், கேட்கப்பட்டவருக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது. ‘ஆம்’ என்றால் திடுக்கிட்டு அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள், ‘எங்களை நினைத்துப் பார்த்தாயா?’ என்றும் கேட்காதீர்கள். “இது எப்போதிலிருந்து?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள். தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை அவர் கைக்கெட்டாமல் அகற்றுங்கள், இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றே மனநல மருத்துவரையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். கேட்பது உங்களால் முடியும். சிகிச்சை அவர்களுடைய பணி.

முன்பு சொன்ன கோல்டன் கேட் பாலத்தில் பல ஆண்டுகள் ரோந்துப் பணி செய்த கெவின் பிரிக்ஸ் என்ற நெடுஞ்சாலைக் காவலர், 2005 மார்ச்சில் ஓர் இளைஞரோடு 92 நிமிடம் பேசி அவரை மீட்டார். திரும்பி வர வைத்தது எது என்று பின்னாளில் கேட்டபோது, “நீங்கள் என்னைப் பேசவிட்டீர்கள், வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்” என்றார் அந்த இளைஞர்.

காப்பாற்ற முடியாமல் போனால் அந்தப் பேச்சாளர் என்ன ஆவார்?
– செவிலியர் ஒருவர்

பிரிக்ஸ் இதை மறைப்பதில்லை. நூற்றுக்கணக்கான அழைப்புகளில் தாம் இருவரை இழந்ததாகவும், அந்த இரண்டே தமக்கு அதிகம் என்றும் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். நல்ல குழுக்களில், சம்பவம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நடந்ததைப் பேசுகிறார்கள். பேசியவருக்கு உளவியல் ஆலோசகரின் உதவியும் கிடைக்கிறது. பிறகு ஒரு நாள் ஒலிப்பதிவை மறுபடி போட்டுக் கேட்கிறார்கள். யாரைக் குறை சொல்வது என்று தேடுவதற்காக அன்று. தாம் கேட்கத் தவறிய ஒரு சொல், விரைந்து கடந்துவிட்ட ஒரு மௌனம் அதில் இருந்தால், அடுத்த அழைப்பு வருவதற்குள் அதைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக.