தானாக முளைத்து ஆளுயரம் நிற்கும் செடிகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, இடுப்பளவு வளர்ந்த செடி. மஞ்சள் பூ, தொட்டால் பிசுபிசுக்கிறது. நல்வேளையா, நாய்வேளையா?

நாய்வேளைதான். நல்வேளைக்குப் பூ வெள்ளையாகவோ வெளிறிய ஊதாவாகவோ இருக்கும். அதன் கேசரங்கள் (மகரந்தத்தைத் தாங்கும் இழைகள்) ஒரு நீளக் காம்பின் மேல் ஏறி, பூனை மீசை போல இதழ்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாய்வேளைக்கு அந்தக் காம்பு கிடையாது. இரண்டுக்கும் காய் ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கும். காய்ந்து வெடிப்பதற்குள் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் மண்ணை நன்றாகக் கொத்தி முள்ளுக்கீரையை எடுக்கிறேன். அடுத்த வருடம் இன்னும் அதிகமாக வருகிறதே?

கொத்துவதால்தான் வருகிறது! ஒரே முள்ளுக்கீரைச் செடி லட்சத்துக்கு மேல் விதை தரும். ஆழத்தில் விழுந்தவை தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் மண்ணைப் புரட்டி மேலே கொண்டுவந்ததும் வெளிச்சம் பட்டு முளைக்கும்.

எத்தனை காலம் தூங்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1879-இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் களை விதைகளை ஈரமணலோடு புட்டிகளில் போட்டுப் புதைத்தார். 2021-இல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். வெர்பாஸ்கம் என்ற உயரச் செடியின் விதைகள் 142 வருடம் கழித்து முளைத்தன. அதனால் விதை தீரும்வரை எடுத்துக்கொண்டே இருப்போம் என்று நினைக்காதீர்கள், அது நடக்காது. மண்ணைக் கிளறாமல், நாலு இலைப் பருவத்திலேயே ஈரமண்ணில் பிடுங்குங்கள். அப்புறம் மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள்.

கேள்வி: சதகுப்பை விதைத்த இடத்தில் சோம்பும் கலந்து முளைத்திருக்கிறது போல. எப்படிப் பிரிப்பது?

இலையைக் கசக்கி முகருங்கள், சோம்பு மணம் தவறாது. சதகுப்பை பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக, உள்ளே கூடாக நிற்கும். விதையும் தட்டையாக, ஓரத்தில் மெல்லிய சிறகோடு இருக்கும்.

கேள்வி: செவ்வந்தி இலை மாதிரி இருந்ததால் ஒரு செடியை விட்டுவைத்தேன். இப்போது குட்டிக் குட்டியாக வெள்ளைப் பூ.

ஐயோ, அது பார்த்தீனியமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்து, ஒரு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரிப்பு வரும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் பக்கத்தில் போகாமலிருப்பது நல்லது. கையுறை போட்டு வேரோடு எடுங்கள். மேலே மட்டும் வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: பிடுங்கியதை உரக்குழியில் போடலாமா?

பூக்காததைத் தாராளமாகப் போடலாம். பூத்தது வேண்டாம். பிடுங்கிய பிறகும் சில செடிகளில் விதை முற்றிவிடும், வீட்டு உரக்குழி அதைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதும் அபூர்வம்.

கேள்வி: துளசி மட்டும் தானாக முளைத்தால் போதும் எனக்கு.

சரி, ஒரே ஒரு செடியில் கதிரை விட்டுவைத்து, மற்றவற்றில் கிள்ளிவிடுங்கள். அதுவே அதிகம்.