கருவில் சிறுநீர் அடைப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: 21 வார ஸ்கேனில் குழந்தையின் சிறுநீர்ப்பை வீங்கியிருக்கிறது, பனிக்குடநீர் குறைவு என்கிறார்கள். ஷன்ட் வைத்தால் சிறுநீரகம் தப்புமா?

பதில்: இந்த மாதங்களில் பனிக்குடநீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். அது வற்றினால் நுரையீரல் வளராது. சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு வழிவிடும் மெல்லிய குழாயான ஷன்ட் முக்கியமாக நுரையீரலுக்காக. சிறுநீரகத்துக்கு நான் உறுதி தர மாட்டேன். பிரிட்டனின் ப்ளூட்டோ ஆய்வில் (2013) ஷன்ட் பிரிவின் 16 குழந்தைகளில் 8 பேரும், ஷன்ட் வைக்காத பிரிவின் 15 பேரில் 4 பேரும் பிறந்து 28 நாளைத் தாண்டினர். இரண்டு வயதில் சிறுநீரகம் நன்றாக இருந்தது 2 பேருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கண்ணைத் திறக்கிறது. குழாய் நழுவலாம், பனிக்குடம் உடையலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும், குழந்தையின் சிறுநீரிலுள்ள சோடியம் அளவும் குரோமோசோம் பரிசோதனையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கேள்வி: வால்வு அடைப்பு (சிறுநீர் வெளியேறும் குழாயை மறிக்கும் சவ்வு) என்றால் ஆண் குழந்தைதானே? டாக்டர் வாய் திறக்க மறுக்கிறார்.

பதில்: திறக்கக் கூடாது, கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு.

கேள்வி: ஷன்ட் வைத்து, பிறந்ததும் வால்வை நீக்கினோம். மகனுக்கு 6 வயது. பள்ளியில் தினமும் கால்சட்டை நனைகிறது. சோம்பலா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். அடைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் முக்கித் தள்ளிய சிறுநீர்ப்பைத் தசை தடித்து இறுகியிருக்கிறது. வால்வு போனாலும் அது எளிதில் இளகுவதில்லை. ஷன்ட் வழியே சிறுநீர் ஓயாமல் வடிந்ததால், பை நிரம்பிக் காலியாகும் பழக்கமும் குறைந்திருக்கும். போதாததற்கு, பழுதான சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை நிறையத் தள்ளும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு, மூன்று மணிக்கொரு முறை கழிப்பறைக்குப் போகட்டும். போய்விட்டுச் சில நிமிடம் கழித்து மறுபடியும் முயலட்டும். மணி அடிக்கும்வரை காக்க வைக்காமலிருக்க வகுப்பாசிரியரிடம் மருத்துவர் கடிதம் கொடுங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், பாதி ஈரம் அதில்தான் என்பது என் எண்ணம். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையில் அது அதிகமென்றால், பையைத் தளர்த்தும் மருந்தான ஆக்ஸிபியூட்டினின் உதவும்.

கேள்வி: தினமும் நான்கு முறை கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போடச் சொல்கிறார்கள். சிறுநீரகம் கெடாதா?

பதில்: தேங்கும் சிறுநீரின் அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் இந்தப் பையன்களுக்கு அங்கே உணர்ச்சி முழுதாக இருப்பதால் வலிக்கும், ஜெல்லி தடவுங்கள். முடியவே இல்லையென்றால் குடல்வாலைக் கொண்டு தொப்புள் அருகே வழி அமைக்கும் அறுவைசிகிச்சை இருக்கிறது. குழந்தைகள் சிறுநீரக அறுவைசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.