எதிராளி விலையைக் குறைப்பாரா? ஆட்டக் கோட்பாடு கேள்வி பதில்

செல்வி: கைதிகளின் சிக்கலில் (ஒவ்வொருவரும் தன் லாபத்தையே பார்த்தால் இருவருக்கும் நஷ்டமாகும் ஆட்டத்தில்) விலையைக் குறைப்பதே லாபம் என்கிறார்களே, பிறகு போட்டி நிறுவனங்கள் எப்படி ஒத்துப்போகின்றன?

பதில்: ஒரே முறை ஆடினால் அப்படித்தான். வாரா வாரம் ஆடினால் கணக்கே வேறு. இருவரும் விலையைப் பிடித்து வைத்தால் ஆளுக்கு வாரம் 10 லட்சம். ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்கு 18, மற்றவருக்கு 2. இருவரும் குறைத்தால் தலைக்கு 4. ஒரு முறை ஏமாந்தவர் அதன்பின் விலையை ஏற்றவே மாட்டார் என்றால், ஆட்டம் அடுத்த வாரமும் தொடரும் வாய்ப்பு 4/7 இருந்தால் போதும், ஒத்துழைப்பு நிற்கும்.

முருகன்: எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்றே தெரியாதே சார்?

பதில்: நம்பிக்கை எண்ணாக மாறும் இடம் இதுதான். அவர் 'நீ விலையைப் பிடித்து வைத்தால் நானும் பிடித்து வைப்பேன்' என்பவராக இருக்கலாம், முதல் வாரமே குறைப்பவராகவும் இருக்கலாம். தொடரும் வாய்ப்பு 90 சதவீதம் என்று வையுங்கள். முதல் வகையாளரிடம் விலையைப் பிடித்தால், எல்லா வாரங்களுக்கும் சேர்த்து எதிர்பார்க்கக்கூடியது மொத்தம் 100 லட்சம், குறைத்தால் 54. இரண்டாம் வகையாளரிடம் பிடித்தால் 38, குறைத்தால் 40. பிடித்தால் ஒருபுறம் 46 லாபம், மறுபுறம் 2 நஷ்டம். அவர் முதல் வகை என்று 24-ல் 1 பங்கு நம்பினாலே பிடிக்கலாம். தொடரும் வாய்ப்பு 60 சதவீதமானால் லாபம் வெறும் 1, நஷ்டம் அதே 2. மூன்றில் இரண்டு பங்கு நம்பிக்கை தேவை. எதிராளியின் குணத்தையே துருவிக்கொண்டு, ஆட்டம் எவ்வளவு காலம் ஓடும் என்பதை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

அன்வர்: ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்தால் எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது, சிக்கலே அதுதான். சிகாகோவிலிருந்து அட்லாண்டிக் கரைக்குத் தானியம் ஏற்றிய ரயில் நிறுவனங்கள் 1879-ல் கூட்டுக்குழு அமைத்து, பங்கு ஒதுக்கி, வாராந்திரக் கணக்கைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டன. சரக்கு குறைந்தால் காரணம் சந்தையா, துரோகமா என்று பிரித்தறிய வழியில்லை. 1881, 1884, 1885-ல் கட்டணச் சண்டை மூண்டது. பொருளியலாளர்கள் கிரீன், போர்ட்டர் இருவரும் இத்தகைய கூட்டுகளுக்கு வகுத்த மாதிரியில் ஒரு நுட்பம் உண்டு: யாருமே ஏமாற்றவில்லை என்று எல்லோரும் உறுதியாக நம்பினாலும், சரக்கு சரிந்தால் சண்டை நடந்தாக வேண்டும். நடக்காது என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரமே ஏமாற்றத் தொடங்குவார்கள்.

மீனா: அப்படியென்றால் விலைகளை வெளியிட்டால் வாங்குபவருக்கு நல்லதுதானே?

பதில்: எப்போதும் அல்ல. டென்மார்க்கில் 1993-ல் போட்டி ஆணையம் ஆயத்தக் கான்கிரீட்டின் (ரெடி மிக்ஸ்) உண்மையான விற்பனை விலைகளை வெளியிட முடிவு செய்தது. வெளியிடத் தொடங்கிய ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. கமுக்கத் தள்ளுபடிக்கு இடமில்லாமல் போனதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

கதிர்: இந்த விலைக் கூட்டை அரசு எப்படி உடைக்கிறது?

பதில்: இந்தியாவில் 2002 போட்டிச் சட்டத்தின் 3-ம் பிரிவு விலை பேசிக்கொள்வதைத் தடுக்கிறது. கூட்டில் இருந்தவர்களில் முதலில் ஆதாரத்தோடு இந்தியப் போட்டி ஆணையத்திடம் வருபவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடியாகலாம். கூட்டாளி நமக்கு முன்னால் ஆணையத்தின் கதவைத் தட்டிவிடுவாரோ என்ற சந்தேகம் அங்கே நுழைகிறது.