மலேரியாவுக்குச் சிகிச்சை தரும் சுகாதாரப் பணியாளர்களுக்கு எதில் முதலில் பயிற்சி தர வேண்டும்?

பரிசோதனையில்தான், மருந்து அதற்குப் பிறகு. ரத்தத்தில் கிருமியை உறுதிசெய்துவிட்டே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010 முதல் வலியுறுத்துகிறது. விரைவுப் பரிசோதனை அட்டையைக் குறித்த நேரத்துக்கு முன்போ வெகுநேரம் கழித்தோ பார்த்தால் முடிவு பிழையாகலாம். கிருமி இல்லை என்று வந்த பிறகும், "எதற்கும் இருக்கட்டும்" என்று மாத்திரை எழுதும் பழக்கம் இருக்கிறதே, அதை மாற்றுவதுதான் மிகக் கடினமான பாடம். அந்தக் காய்ச்சலின் உண்மையான காரணம் நிமோனியாவாக இருந்தால், வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

அடுத்து, எந்த வகைக் கிருமி என்பது. வைவாக்ஸ் என்னும் வகை கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் தாக்கும். அதை ஒழிக்க பிரைமாகுயின் என்ற மருந்து தேவை. ஆனால் ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு அந்த மருந்து அவற்றைச் சிதைத்துவிடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. இந்த இரண்டையும் கேட்காமல் மருந்துச் சீட்டில் கை வைக்கக் கூடாது.

வலிப்பு, நினைவு மங்கல், மூச்சுத்திணறல் போன்ற கடுமையான மலேரியாவின் அறிகுறிகள் தெரிந்தால் ஆர்ட்டிசுனேட் என்ற மருந்தை ஊசியாகப் போட வேண்டும். 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி., மற்றவர்களுக்கு 2.4 மி.கி. குழந்தைக்குத்தான் விகிதம் அதிகம். பலர் தடுமாறும் இடம் இது. 24 மணி நேரமாவது ஊசி போட்டு, நோயாளி விழுங்கத் தொடங்கியதும் ஒன்றுக்கு மேற்பட்ட மலேரியா மருந்துகள் சேர்ந்த 3 நாள் கூட்டு மாத்திரையை முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

இவற்றை வகுப்பறையில் சொன்னால் மட்டும் போதாது. நோயாளியின் அருகிலேயே, அனுபவமுள்ள ஒருவர் உடன் நின்று திருத்த வேண்டும்.