சுரங்கப்பாதை கோரிக்கை: எம்.பி.யிடம் எப்படிக் கொடுப்பது?

வணக்கம். காரிமங்கலம் பக்கம் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள், அங்கே சுரங்கப்பாதை கேட்டால் எம்.எல்.ஏ. "என் கையில் இல்லை" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் தட்டிக்கழிக்கவில்லை. 44-ஆம் எண் சாலை தேசிய நெடுஞ்சாலை, ஒன்றிய அரசின் பொறுப்பு. ஆகவே எம்.பி.தான் சரியான ஆள். உங்களுக்குத் தருமபுரி எம்.பி.; அதே சாலையில் வடக்கே காவேரிப்பட்டணம் என்றால் கிருஷ்ணகிரி எம்.பி.

மனுவில் "ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று மட்டும் எழுதினால் சால்வையோடு சேர்த்து மடித்து வைத்துவிடுவார்கள். இதை மக்களவை விதி 377-இன் கீழ் (எம்.பி. ஒரு பொதுப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் வழி) எழுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஓர் உறுப்பினருக்கு வாரத்தில் ஒரு விஷயம்தான், அதுவும் 250 சொற்களுக்குள். அதனால் அந்த அளவிலேயே நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கிலோமீட்டர் கல் எண், பள்ளி விடும் நேரம், நடந்த விபத்துகளின் முதல் தகவல் அறிக்கை எண்கள். அமைச்சகம் எழுத்தில் பதில் அனுப்பும்.

எம்.பி. அவையில் எழுத்துப்பூர்வ கேள்வியும் கேட்கலாம், ஆனால் 15 நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும். கூட்டத்தொடர் தொடங்கியபின் ஓடினால் பிந்திவிடும். அப்புறம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவையும் விட்டுவிடாதீர்கள். வேகத்தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் அங்கிருந்தே சீக்கிரம் வரக்கூடும்.