புறாவுக்கு அந்த மாத்திரை வேண்டாம்

வணக்கம். தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் 4 வாத்து, 6 நாட்டுக்கோழி, கூடவே புறாக்கள். எச்சத்தில் புழு தெரிகிறது, வீட்டிலுள்ள அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் குடற்புழு மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து எல்லாவற்றுக்கும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள், குறிப்பாகப் புறாக்களுக்கு. அல்பெண்டசோல், அதே வகைப் புழுமருந்தான ஃபென்பெண்டசோல் இரண்டுமே புறாவின் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே பறித்துவிடக்கூடியவை. கோழி தாங்கியதைப் புறா தாங்காது.

வாத்தோ தண்ணீரைக் குடிப்பதைவிடக் கலக்கிச் சிந்துவதுதான் அதிகம். எது எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றையும் கட்டைப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி தராசில் தொங்கவிட்டு எடை குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கிலோ வாத்துக்கு ஒரு முழு மாத்திரை போனால் கிலோவுக்கு 260 மில்லிகிராமைத் தாண்டிவிடும். இது மிக மிக அதிகம்.

எடைக் குறிப்போடும் டப்பாவில் புது எச்சத்தோடும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழுவாக இருக்கலாம்; கடையில் எளிதாகக் கிடைக்கும் பைப்பரசின் என்ற புழுமருந்து அதைத் தொடாது, பெரிய உருண்டைப்புழுவுக்கு மட்டுமே கேட்கும். கோழி இறகு உதிர்க்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ஃபென்பெண்டசோல் புது இறகைக் கோணலாக்கும். மருந்து கொடுத்தபின் முட்டையை எத்தனை நாள் ஒதுக்கவேண்டும் என்று கேட்காமல் திரும்பாதீர்கள்.